துருப்பிடித்த ஒரு நட்டு, 68 படிக்கட்டு: எங்கள் தெருவின் பழைய சாமான் நாள்

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குவது கேட்கிறதா? கடைசி நடை முடித்து இப்போதுதான் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்து வீடியோ அடுத்த வாரம். நாளை சனிக்கிழமை, எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் வண்டி வருகிறது! கட்டில், மெத்தை, சோபா என்று தினசரி குப்பை வண்டியில் ஏற்றாத எதையும் காலை 7 மணிக்குள் ரோட்டோரம் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

குன்னூரில் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே 68 படி. சமவெளிக்காரர்கள் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு உள்ளே போய்விடலாம். இங்கே பிரிக்காமல் ஒரு பொருளும் மேலே ஏறாது.

முதலில் அப்பாவின் இரும்புக் கட்டில். நாலு நட்டில் மூன்று சும்மா வந்துவிட்டது. நாலாவது, சுவர் ஓரத்தில் இருந்தது, இந்த ஊர் ஈரத்தை முப்பது வருஷம் குடித்து இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வைத்தால் வழுக்குகிறது. அறுத்துவிடு என்றார் தம்பி. எனக்கு மனசே வரவில்லை. ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றி, துணி சுற்றி விட்டேன். மறுநாள் அசையவில்லை. மறுபடி ஊற்றி, சுத்தியலால் நட்டின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டினேன். மூன்றாம் நாள் ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன் பாருங்கள், 'கிர்ர்' என்று ஒரு சத்தம், செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே மரை புதுசு போலப் பளபளக்கிறது! அந்த நட்டை எடுத்து வைத்திருக்கிறேன், இதோ.

இரும்பு என்பதால் கட்டிலை வண்டிக்குக் கொடுக்கவில்லை, காயலான் கடைக்குக் கொடுத்தேன். கிலோ 22 என்றார்கள். என் கண் முன்னே எடை போடுங்கள், 26-க்குக் குறைந்தால் தரமாட்டேன் என்றேன். 34 கிலோ, 884 ரூபாய். இரும்பு விலையை விசாரிக்காமல் தூக்கிக் கொடுப்பதை நான் எப்போதும் கண்டிப்பேன்.

அடுத்தது இலவம்பஞ்சு மெத்தை. இதில்தான் போன தடவை மாட்டிக்கொண்டேன். முந்தின ராத்திரியே ரோட்டில் வைத்தேன், மழை பிடித்தது, காலையில் நாலு பேர் தூக்கியும் நகரவில்லை, வண்டியில் ஏற்றவும் மறுத்துவிட்டார்கள். இந்த முறை இரண்டு நாள் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டேன். எங்களுக்கு வெயிலே இரண்டு மூன்று மணி நேரம்தான். அப்புறம் தையலைப் பிரித்து, நல்ல பஞ்சைத் தனியாக எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, 'கொண்டா கண்ணு, தலையணை போடுறேன்' என்று வாங்கிக்கொண்டார். கறுத்துப்போன பஞ்சும் துணியும்தான் மூட்டையாக மேலே வந்தன. கட்டியது தேங்காய் நார்க் கயிறு. பிளாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஈரக் கையில் நழுவும், அறுந்தால் காட்டெருமை வாயில் போய்ச் சேரும்.

ஐயோ, ஃபிரிட்ஜை விட்டுவிட்டேனே! அது 1998-இல் வாங்கியது. அந்தக் கால ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் சி.எஃப்.சி. வகை வாயுதான் இருக்கும், ஓசோன் படலத்தை அரிப்பது. செம்புக்காக யாராவது குழாயை வெட்டினால் மொத்தமும் காற்றில் கலந்துவிடும். அதனால் வாயுவை முறையாக எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தேன். கதவையும் கழற்றிவிட்டேன். குழந்தைகள் விளையாட்டுக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

டியூப் லைட்டையும் மூட்டையில் திணிக்காதீர்கள். உடைந்தால் பாதரசம். அட்டையில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். ரெக்சின் சோபாவை எரித்துவிடலாம் என்று ஒரு அண்ணா கிளம்பினார், நான் விடவில்லை. போகி வீடியோவில் சொன்னதுதான், பனி இறங்கும் பள்ளத்தில் அந்தப் புகை மேலேறாது, நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும்.

இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறை அலமாரியைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். குப்பைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்காதீர்கள். ராத்திரி எண்ணெய் வாசம் பிடித்தால் கரடி வரும், எங்கள் வளைவில் இரண்டு முறை வந்திருக்கிறது. அதனால் எல்லாம் இப்போது மேல் வீட்டு அக்காவின் கார் ஷெட்டில் பூட்டில் இருக்கிறது. காலை 6 மணிக்கு எடுத்து வெளியே வைத்தால் போதும்.

சரி, லேம்ப்ஸ் ராக் மலைமுனைப் பக்கம் மேகம் இறங்குகிறது. ஷெட்டுக் கூரையில் ஒரு ஓட்டை உண்டு, தார்ப்பாய் போட ஓடுகிறேன்.