இன்றைக்கு எந்தப் பனி?

நேயர்களுக்கு வணக்கம்.

பனி கொட்டும் ஊரில் வளர்ந்தவர்தானே, சின்ன வயது விளையாட்டைப் பற்றிப் பேசுங்களேன் என்று நிலையத்தார் கேட்டார்கள். பேசலாம். வெண்போர்வை, வானத்துப் பூ என்றெல்லாம் மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்ப்பவர்கள் பேச்சு. வெளியே இறங்கிய பிள்ளைகளுக்குப் பனி ஒரு விளையாட்டுச் சாமான். அதுவும் நாளுக்கு ஒரு குணம் காட்டும் சாமான். இன்றைக்கு எந்தப் பனி என்று தெரிந்த பிறகுதான் எந்த விளையாட்டு என்று முடிவாகும்.

கண்ணைத் திறப்பதற்கு முன்பே காது பாதி சேதி சொல்லிவிடும். இரவில் நன்றாகப் பெய்திருந்தால் தெருச் சத்தம் அடங்கிப் போயிருக்கும். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் ஒலி புகுந்து அங்கேயே மடிந்துவிடுகிறது. அதே பனி இரண்டு நாள் கிடந்து இறுகி மேலே ஓடு கட்டிவிட்டால், சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பும். எங்களுக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது. சத்தம் இல்லையென்றால் புதுப்பனி, அவ்வளவுதான் கணக்கு.

வாசலுக்கு வந்ததும் முதல் வேலை, ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பது. கடுங்குளிர் நாளில் என்ன அழுத்தினாலும் பிடிபடாது. உலர்ந்த மணல்போல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். நடந்தால் காலடியில் கிறீச் கிறீச் என்று கத்தும். வெப்பநிலை −10 டிகிரிக்கு இறங்கினால் அந்தச் சத்தத்தை நன்றாகவே கேட்கலாம். துகள்கள் இளகி வழுக்காமல், ஒன்றையொன்று தேய்த்து நொறுங்குவதால் வருவது அது. அன்றைக்கு உருண்டைச் சண்டை கிடையாது. சறுக்குவண்டியும் சரியாக ஓடாது. வண்டி வழுக்க அடியில் கொஞ்சமாவது ஈரம் வேண்டும். வேறென்ன செய்வது? மல்லாக்க விழுந்து கையையும் காலையும் வீசி உருவம் பதிக்கலாம். இல்லாவிட்டால் சாலையோரத்தில் ஒதுக்கிப் போட்ட குவியலைக் குடையலாம். இயந்திரம் புரட்டித் தள்ளிய பனி சீக்கிரமே கல்லாக இறுகிவிடும். அதைக் குடைந்து உள்ளே போய்ப் படுப்பது எங்களுக்குப் பெரிய சாகசம். ஆனால் அந்தக் குவியல் சரிந்தால் உள்ளே இருக்கும் பிள்ளை மூச்சுத் திணறிவிடும், பனியை வழிக்க வரும் வண்டிக்காரருக்கு உள்ளே ஆள் இருப்பதும் தெரியாது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் பெரியவர்கள் கட்சி.

குளிர் தணிந்து பூஜ்யத்தை ஒட்டி நின்றால் கொண்டாட்டம். பனியில் லேசான ஈரம் ஏறியிருக்கும், ஒரு அழுத்தில் உருண்டை ரெடி. கோட்டைச் சுவர், உருண்டைக் குவியல், இரண்டு படைகள், எல்லாம் அரை மணி நேரத்தில். உருகும் நிலையில் இருக்கும் இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டி ஒன்றாகின்றன என்பதை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1850இல் லண்டனில் ஓர் உரையில் விளக்கினார். எங்கள் படைத்தளபதிகளுக்கு ஃபாரடேயைத் தெரியாது, ஆனால் எந்த நாளில் ஒட்டும், எந்த நாளில் ஒட்டாது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். ஒரே ஒரு சட்டம்தான் எங்களிடம் இருந்தது. ஈர உருண்டையை ராத்திரி வெளியே வைத்து, இறுகிய பிறகு காலையில் கொண்டுவந்து எறியக்கூடாது. அப்படிச் செய்தவனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். அழுதாலும் சரி.

அமைதியான நாட்களும் உண்டு. காற்று இல்லாமல் மெதுவாகப் பெய்யும்போது கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு துகள் வந்து கம்பளி மயிரில் மாட்டும். மூச்சு பட்டால் போச்சு, அதனால் முகத்தைத் திருப்பி மூச்சை விட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் கிளை, கிளையில் பல். சில நாட்களில் நட்சத்திரமே வராது, வெறும் ஊசிகள்தான் விழும். மேகத்தில் −15 டிகிரியை ஒட்டி வளர்ந்தால் நட்சத்திரம், −5ஐ ஒட்டி வளர்ந்தால் ஊசி. ஏன் ஐந்தும் இல்லை ஏழும் இல்லை, எப்போதும் ஆறு என்று 1611இலேயே வானியலாளர் யோஹன்னஸ் கெப்ளர் யோசித்து எழுதியிருக்கிறார். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்காக அமைகின்றன என்ற விடை அவர் காலத்தில் யாருக்கும் எட்டவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல் ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். ஜப்பானில் உகிச்சிரோ நகாயா என்ற விஞ்ஞானி 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே துகளை வளர்த்துக் காட்டினார். எதன் மேல் தெரியுமா? முயல் மயிரின் மேல். கம்பளி மயிரில் துகள் பிடித்த எனக்கு இதைப் படித்தபோது உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இன்னொன்று. ஆழமான பனியில் ஒரு குச்சியை நேராகக் குத்தி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். உள்ளே நீல வெளிச்சம் தெரியும். பனிக்குள் பட்டுப் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நீலம் மிஞ்சுகிறது.

இனி ஐஸ். குளம் எப்போது தாங்கும் என்பது பெரியவர்கள் விஷயம், எங்களுக்கு அதில் ஓட்டு இல்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதைவிடக் குளிர்ந்த நீர் லேசாகி மேலே நிற்கிறது, அதனால் குளம் மேலிருந்து உறைகிறது. ஒருவர் நடக்கத் தெளிவான ஐஸ் 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பனி கலந்த வெள்ளை ஐஸ் அதில் பாதிதான் தாங்கும். நீர் ஓடும் இடத்தில் எந்தக் கணக்கும் செல்லாது. பெரிய ஏரிகளில் ஐஸ் விரிசல் விடும்போது 'பியூங்' என்று ஒரு விநோத ஒலி நீளமாக ஓடும். கீச்சுக்குரல் பகுதி ஐஸில் வேகமாகப் பாய்ந்து முதலில் வரும், கனத்த குரல் பின்னால் வரும்.

சறுக்கக் காலணி இல்லாத பிள்ளைகளுக்கும் வழி இருந்தது. நடைபாதையில் ஓடிவந்து ஒரே கோட்டில் வழுக்கி வழுக்கி, அந்தக் கோட்டைக் கண்ணாடியாக்கிவிடுவோம். சறுக்கும் காலணியின் கத்திபோன்ற விளிம்பு அழுத்துவதால் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று பாடத்தில் சொல்வார்கள். பரந்த செருப்படிக்கும் அதே ஐஸ் வழுக்குகிறதே! தேய்ப்பில் பிறக்கும் சூடும், ஐஸின் மேற்பரப்பில் தானாகவே இளகியிருக்கும் மெல்லிய படலமும்தான் பெரிய காரணங்கள். எங்கள் கண்ணாடிப் பாதை உருவானதும் யாராவது ஒரு பெரியவர் வந்து அதன்மேல் உப்பைத் தூவிவிட்டுப் போவார். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது, அப்போது மணலைப் போடுவார். விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வயதில் இப்போது நானும் இருக்கிறேன், நியாயம் புரிகிறது. ஆனாலும் மணல் போட்டதை மன்னிக்க மனம் வரவில்லை.

1565இல் பீட்டர் புரூகல் வரைந்த பனிக்கால ஓவியம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. முன்னால் வேட்டைக்காரர்களும் நாய்களும் களைத்து வருகிறார்கள். கீழே தூரத்தில் உறைந்த குளங்களில் ஜனங்கள் விளையாடுகிறார்கள். வேட்டைக்காரர்களை நான் கவனிப்பதே இல்லை, கண் நேரே குளத்துக்குப் போய்விடும்.

கடைசியாகப் பனிமனிதன். அவனுக்கு வைக்கும் கண்கள் கறுப்பாக இருப்பதால் வெயிலை இழுத்து, சுற்றியுள்ள பனியை உருக்கி, முதலில் கழன்று விழும். அது எல்லோருக்கும் தெரியும். சண்டை வந்தது சட்டையைப் பற்றி. சட்டை போட்டால் அவனுக்குச் சூடேறி உருகிவிடுவான் என்று ஒரு கட்சி, உருக மாட்டான் என்று நாங்கள் ஒரு கட்சி. சட்டை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது, அவன் மேல் போட்டால் வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும். ஆகவே சட்டை போட்டவன்தான் அதிக நாள் நிற்பான். நேயர்களில் யாராவது பனி நாட்டில் இருந்தால் இரண்டு பேரை அருகருகே செய்து, ஒருவனுக்கு மட்டும் கனமான வெளிர்நிறச் சட்டை போட்டுப் பார்த்துவிட்டு நிலையத்துக்கு எழுதுங்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

வணக்கம்.