வரத்துக்கு யார் விலை கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

அண்மையில் படித்த அறிவியல் புனைகதைகளைப் பற்றியும் மாயக்கதை நாவல்களைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் இவை தனித்தனி அலமாரி. ஒன்றில் விண்கலமும் வேற்றுக்கிரகமும், மற்றதில் மந்திரமும் பேசும் ஆமையும். அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால் இரண்டு அலமாரியிலும் ஒரே சங்கதிதான் ஓடுகிறது. யாருக்கோ ஒரு வரம் கிடைக்கிறது, அதற்கான செலவை யாரோ ஏற்கிறார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரு பக்கம் வரவு எழுதியிருந்தால் அதற்கு எதிர்ப்பதிவு எங்கே என்று கண் தானாகத் தேடும். கதை படிக்கும்போதும் அந்தப் புத்தி விட்டுப்போகவில்லை. வரம் கிடைத்ததா, சரி, பற்று யார் கணக்கில்? நம் புராணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பஸ்மாசுரன் வாங்கிய வரம் கடைசியில் அவன் தலைமேலேயே வந்து விடிந்தது. கேட்டவன் தலையிலேயே கணக்கு நேராகிவிட்டது. இந்தக் காலத்து நாவல்களில் அவ்வளவு நியாயமாக நேராவதில்லை. சுவாரசியமும் அங்கேதான்.

முதலில் ‘ரோட்சைட் பிக்னிக்’. அர்காதி ஸ்ட்ருகாட்ஸ்கி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி என்ற ரஷ்யச் சகோதரர்கள் எழுதியது. அண்ணன் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர், தம்பி வானியல் படித்தவர். 1972-இல் லெனின்கிராடின் ‘அவ்ரோரா’ பத்திரிகையில் வந்தது. புத்தகமாக வர 1980 ஆயிற்று. இடைப்பட்ட எட்டு வருடமும் பதிப்பகத்தோடு மல்லுக்கட்டு. அரசியல் ஆட்சேபம் இருந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தம்பி போரிஸ் பிற்பாடு எழுதிய பின்னுரையைப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. கதாபாத்திரங்களின் ஒழுக்கக்கேடு இந்தந்தப் பக்கத்தில், அடிதடி இந்தந்தப் பக்கத்தில், கொச்சைப் பேச்சு இந்தந்தப் பக்கத்தில் என்று பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆடிட் குறிப்புகளே தேவலை.

கதை இதுதான். பூமியில் ஆறு இடங்களில் யாரோ வந்து இறங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார், எதற்கு என்று தெரியாது. நம்மிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவர்கள் தங்கிய இடங்கள் மட்டும் மனிதன் நுழைய முடியாத மண்டலங்களாகிவிட்டன. சாலையோரம் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் போட்ட குப்பைதான் இவை, நாம் அந்தப் புல்வெளியில் இருக்கும் பூச்சிகள், பறவைகள் என்று கதைக்குள் வரும் ஒரு விஞ்ஞானி சொல்கிறார். தலைப்பு அங்கிருந்து வந்தது. அந்தக் குப்பையைத் திருட்டுத்தனமாக எடுத்து விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு ஸ்டாக்கர் என்று பெயர். ஹார்மாண்ட் ஊர்க்காரன் ரெட் அப்படிப்பட்ட ஒருவன்.

ரெட் மண்டலத்துக்குள் எப்படி நடக்கிறான் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பையில் இரும்பு நட்டுகள் வைத்திருக்கிறான். ஒன்றை முன்னால் வீசுகிறான். நேராகப் போய் விழுந்தால் பத்தடி நடக்கலாம். வழியில் சட்டென்று கீழே இழுக்கப்பட்டால் அங்கே புவியீர்ப்பு தாறுமாறாக இருக்கிறது, கால் வைத்தால் ஆள் கூழ். மறுபடி ஒரு நட்டு, மறுபடி சில அடி. கோடிக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களின் தொழில்நுட்பத்துக்கு எதிரே மனிதன் கையில் இருப்பது சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒரு சாமான்! அறிவியல் புனைகதை என்றாலே பளபளப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

அதே பயணத்தில், ஒரு பழைய காரேஜில், கூட வந்த கிரில் என்ற இளம் விஞ்ஞானி பின்னால் நகரும்போது அவன் முதுகு ஒரு வெள்ளி நிறச் சிலந்தி வலையில் படுகிறது. மெல்லிய சத்தத்தோடு அறுகிறது. ரெட் பார்க்கிறான். ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடுகிறான். அன்றைக்கே கிரில் செத்துப்போகிறான், மாரடைப்பு என்கிறார்கள். சிலந்தி வலைக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டா என்று ஆசிரியர்கள் கடைசிவரை சொல்லவில்லை. ரெட்டுக்கு மட்டும் அது தெரிந்தே இருக்கிறது.

வரம் கடைசியில் வருகிறது. மண்டலத்தின் ஆழத்தில் ஒரு தங்கப் பந்து, கேட்டதைக் கொடுக்குமாம். வேற்றுக்கிரக விஞ்ஞானத்தில் தொடங்கிய நாவல் இங்கே சாட்சாத் மாயக்கதையாக மாறுகிறது. ஆனால் வழியில் ஒரு பொறி. முதலில் போகிறவனைப் பிழிந்து போட்டுவிட்டு அடுத்தவனுக்கு வழி விடும். ரெட் தன்னோடு ஆர்தர் என்ற இளைஞனை அழைத்துப் போவது இதற்காகத்தான், பையனிடம் சொல்லாமல். எல்லாருக்கும் இன்பம் வேண்டும், இலவசமாக வேண்டும் என்று கத்திக்கொண்டே ஓடுகிற அந்தப் பையன் ரெட் கண்ணெதிரே செத்துப்போகிறான். பந்தின் முன்னால் வந்து நிற்கும் ரெட்டுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. தான் பலி கொடுத்தவனுடைய வாசகத்தையே திருப்பிச் சொல்கிறான். அதிலும் அந்த ‘இலவசம்’ இருக்கிறது. சற்று முன்பு அதற்கு ஓர் உயிர் கட்டணமாகப் போயிருக்கிறது. பந்து கொடுத்ததா இல்லையா என்று சொல்லாமலே நாவலை முடித்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

மூன்றாம் அத்தியாயம் கொஞ்சம் இழுவை, அதையும் சொல்லிவிட வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவது போல நீண்ட பேச்சு. பிக்னிக் விளக்கம் அங்கே வருவதால் தாண்டிப் போகவும் முடியாது. ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கி இதையே 1979-இல் ‘ஸ்டாக்கர்’ என்று படமாக்கினார். படம் பெரிய படம்தான். ஆனால் நாவலில் இருக்கும் சாராய நெடியும் பணக்கவலையும் அதில் இல்லை. எனக்கு நாவல் போதும்.

அடுத்தது ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே. 1973-இல் வந்த ‘மோமோ’. மாயக்கதை நாவல் என்று ஆசிரியரே வகைப்படுத்தியது. இடிந்த பழைய அரங்கம் ஒன்றில் தங்கியிருக்கும் ஓர் அநாதைச் சிறுமி, ஊருக்குள் நுழையும் சாம்பல் நிற மனிதர்கள். இந்த மனிதர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? காலச் சேமிப்பு வங்கியின் ஏஜென்ட்டுகள்! மார்ச் மாதம் பிறந்தால் டெபாசிட் பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். என்னை வைத்துத்தான் எழுதினாரோ என்று இருந்தது.

ஃபூசி என்ற சலூன்காரரிடம் அவர்களில் ஒருவன் வருகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். கணக்கு ஆரம்பிக்கிறது. எழுபது வருட ஆயுள் என்றால் 220 கோடியே 75 லட்சத்து 20 ஆயிரம் விநாடி. அதுதான் உங்கள் சொத்து. இப்போது உங்களுக்கு வயது 42. தினம் எட்டு மணி நேரம் தூக்கம், அதில் போனது 44 கோடியே 15 லட்சத்து 4 ஆயிரம். அப்புறம் வேலை, சாப்பாடு, காது கேளாத அம்மாவோடு தினமும் பேசும் ஒரு மணி நேரம், வளர்க்கும் கிளிக்குச் செலவிடும் நேரம், நடக்க முடியாத தாரியா என்ற பெண்ணுக்குப் பூ கொண்டுபோய்க் கொடுக்கும் அரைமணி. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் பூஜ்யத்தில் நிறுத்துகிறான். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பெருக்கல் எல்லாம் சரி. பொய் கணக்கில் இல்லை, அம்மாவோடு பேசுவதைச் செலவுத் தலைப்பில் எழுதியதில் இருக்கிறது.

இன்னொன்று. சேமித்த காலத்தை எடுக்காமல் விட்டால் ஐந்து வருடத்தில் இரட்டிப்பாம். ஏறக்குறைய 15 சதவீதக் கூட்டு வட்டி. அப்படிச் சொன்ன ஃபைனான்ஸ் கம்பெனிகள் தொண்ணூறுகளில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போனது இதைக் கேட்கும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எண்டே வைத்திருக்கும் குயுக்தி வேறு. ஏஜென்ட் கிளம்பிப் போனதும் அவன் வந்ததே ஃபூசிக்கு மறந்துவிடுகிறது. நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்ற முடிவு மட்டும் தங்கிவிடுகிறது, தானே எடுத்த முடிவுபோல. அரைமணி எடுத்த முடிவெட்டு இருபது நிமிடமாகிறது. பேச்சு நின்றுபோகிறது. அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். இவ்வளவையும் பேய் பிசாசு எதுவும் இல்லாமல், ஒரு சலூன் நாற்காலியை வைத்தே சாதித்திருக்கிறார்.

முடிவில்தான் எனக்குக் குறை. சாம்பல் மனிதர்கள் தங்களுக்குள் காசு சுண்டிப் போட்டு ஆட்குறைப்பு செய்துகொள்ளும் இடம் பிரமாதம். அப்புறம் மோமோ கதவைத் திறக்கிறாள், திருடப்பட்ட காலம் எல்லாருக்கும் திரும்பிவிடுகிறது, ஊர் சிரிக்கிறது. அந்தக் கிழவிக்கு யார் பதில் சொல்வது? மகன் வராத அத்தனை சாயங்காலங்களும் வட்டியோடு வந்து வரவாகிவிடுமா? குழந்தைகள் புத்தகம், இவ்வளவு கேட்கக்கூடாது என்பார்கள். குழந்தைகள்தான் இதையெல்லாம் கேட்கும்.

போலந்தின் ஸ்தானிஸ்வாஃப் லெம் எழுதிய ‘சைபீரியாட்’ 1965-இல் வந்தது. ராஜா, மந்திரி, மூன்று கேள்வி, வரம், சாபம் என்று எல்லாமே பாட்டி கதைச் சட்டகம், நடமாடுகிறவர்கள் மட்டும் ரோபோக்கள். இருபது பக்கத்துக்கு ஒருமுறை சலிக்கவும் செய்யும். ஆகவே ஒரே மூச்சில் படிக்காதீர்கள். அதில் ஒரு கதை மட்டும் விடவே மாட்டேன் என்கிறது. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட கொடுங்கோலன் ஒருவனுக்குப் பொழுதுபோக்காக, ஒரு பெட்டிக்குள் சின்னஞ்சிறு ராஜ்ஜியத்தைச் செய்து கொடுக்கிறான் ட்ரூர்ல் என்ற நிபுணன். குடிமக்கள், ஒற்றர்கள், கலகக்காரர்கள் எல்லாம் உண்டு. வெறும் பொம்மைதானே என்கிறான். உள்ளே அழுகிறவன் நிஜமாக அழவில்லை என்று உன்னால் எப்படி நிரூபிக்க முடியும் என்று நண்பன் கேட்டதும் ட்ரூர்லுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருவரும் திரும்பிப் போய்ப் பார்த்தால் பெட்டியிலிருந்து அந்த மக்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். வரத்துக்கு விலையாக வைக்கப்பட்டவர்களே எழுந்து கணக்குக் கேட்ட கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. 1989-இல் வெளிவந்த சிம்சிட்டி என்ற கணினி விளையாட்டை உருவாக்கிய வில் ரைட், இந்தக் கதையும் தனக்குத் தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார். என் பேரன் அந்த விளையாட்டில் ஊருக்கு மின்சாரத்தை நிறுத்தி வேடிக்கை பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

நேரம் குறைவாக இருக்கிறது, எண்டேயின் இன்னொரு நாவலுக்கு வந்துவிடுகிறேன். ‘முடிவற்ற கதை’, 1979. இரண்டு வண்ண மையில் அச்சிட்டது, ஒரு மை நம் உலகத்துக்கு, மற்றது கதை உலகத்துக்கு. பாஸ்டியன் என்ற குண்டுப் பையன், பள்ளியில் எல்லாருடைய கேலிக்கும் ஆளானவன், தான் படிக்கும் புத்தகத்துக்குள்ளேயே போய்விடுகிறான். நினைத்ததெல்லாம் நடக்கும் பதக்கம் ஒன்று கிடைக்கிறது. ஒவ்வொரு விருப்பம் நிறைவேறும்போதும் ஒரு நினைவு கழிந்துபோகும். அழகானவனாக வேண்டும் என்றான், குண்டாக இருந்தது மறந்தது. கழிந்தது என்னவென்று அவனுக்கே தெரியாது என்பதால் இருப்பு குறைவதும் தெரியாது. இப்படி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டவர்களுக்கு ஒரு நகரம் இருக்கிறது. எழுத்துகள் பொறித்த பகடைகளை ஒரு குரங்கின் மேற்பார்வையில் ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள், என்றாவது ஒருநாள் அதில் ஒரு கதை விழும் என்று.

மறதியின் ஆழத்தில் இருக்கும் சுரங்கத்தில் பாஸ்டியன் இருட்டில் குனிந்து தோண்டுகிறான். அங்கே கிடைப்பது ஒரு படம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மனிதர், கையில் பல்செட் அச்சு, பனிக்கட்டிக்குள் உறைந்த முகம். தன் அப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவி இறந்ததிலிருந்து மகனிடம் சரியாகப் பேசாத பல்செட் தொழிலாளி அவர். கேட்ட வரத்துக்கான செலவைக் கேட்டவனே தன் கைப்பொருளிலிருந்து கட்டியது இந்த ஒரு நாவலில்தான். அதனால்தான் இதை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

ஆனாலும் கடைசிப் பாக்கியை அவனால் கட்ட முடியவில்லை. வீடு திரும்ப வேண்டுமென்றால் அங்கே அவன் தொடங்கிவைத்த கதைகளையெல்லாம் முடித்திருக்க வேண்டும், வாசலில் கேட்கிறார்கள். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. அப்போது கதை உலகத்தில் அவனுக்கு நண்பனாக இருந்த அத்ரேயு முன்னால் வந்து, அவனுக்காக நான் முடிக்கிறேன் என்கிறான். பாஸ்டியன் ஒருமுறை வாளால் வெட்டிக் காயப்படுத்திய அதே அத்ரேயு. ஜாமீன் கையெழுத்துப் போட வந்த எத்தனையோ பேரை நான் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பலரும் முகத்தாட்சண்யத்துக்கு வந்தவர்கள், கண்ணில் பயம் தெரியும். கடன்காரனிடம் வெட்டுப்பட்டவன் வந்து போட்டு நான் பார்த்ததில்லை.

நன்றி, வணக்கம்.