நான்கு வரிச் செய்தி

(சிங்கப்பூரில் தமிழ் வாசகர்களின் மாதச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்த நண்பர்கள், நான் காற்பந்தையோ கிரிக்கெட்டையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் ஹாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; இன்னும் சரியாகச் சொன்னால், காலையில் நாளிதழைப் பிரித்து அதில் ஹாக்கியைத் தேடும் ஒருவரின் எரிச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இளமையில் ஒரு சங்கத்தின் இரண்டாம் அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக இருந்தேன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி கிடையாது. முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் பார்வையாளனாகிவிட்டேன்.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் செங்காங் ஹாக்கி விளையாட்டரங்கில் உட்கார்ந்திருந்தேன். ஃபார்ம்வே இலகு ரயில் நிலையத்தில் இறங்கினால் சிறிது தூர நடைதான். எனக்குப் பக்கத்து இருக்கையில் பையனின் தண்ணீர்ப் போத்தலையும் கால் காப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாயார் இருந்தார். பேச்சுவாக்கில், “அங்கிள், நேத்து இங்க நடந்த மேட்ச் என்ன ஸ்கோர்? அதை எங்க போய்ப் பார்க்கிறது?” என்று கேட்டார். அவருடைய மகன் அடுத்து மோதவிருந்த அணி முந்தைய நாள் ஆடியிருந்தது. அது எப்படி ஆடியது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். நாற்பது ஆண்டுகளாக இந்த விளையாட்டின் பின்னால் அலைந்துகொண்டிருக்கும் நான், “வாட்ஸ்அப்பில் யாராவது போட்டிருப்பார்கள் அம்மா” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. ஓர் ஆட்டத்தின் முடிவை அறிய வேண்டுமானால் ஆடியவர்களில் எவரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் 1950களின் நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். பாடாங் திடலிலும் பாலஸ்டியர் வட்டாரத்துத் திடல்களிலும் சங்கங்கள் தங்களுக்குள் ஆடிய சாதாரண ஆட்டங்களுக்குக்கூட, கோல் அடித்தவர் யார், முற்பாதியில் எத்தனை, பிற்பாதியில் எத்தனை, பந்துகாப்பாளர் எப்படி ஆடினார் என்று சில வரிகள் இருக்கும். பல நாள்களில் இரு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலும் சிறிய எழுத்தில் இருக்கும். இந்தியர் சங்கம், சிலோன் விளையாட்டுச் சங்கம், கல்சா சங்கம் ஆகிய பெயர்களை அங்கே அடிக்கடி காணலாம். அவை யாரும் உட்கார்ந்து அலங்கரித்து எழுதிய கட்டுரைகள் அல்ல, வெறும் நான்கு வரிகள். ஆனால் தன் பெயர் அச்சில் வந்த அந்தத் துண்டைக் கத்தரித்துப் பணப்பையில் வைத்துக்கொண்ட மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மூத்த அணித்தோழர் ஒருவரிடம் அப்படியொரு துண்டு இருந்தது. மடிப்புகள் கிழிந்து, செல்லோடேப் பழுத்து மஞ்சளாகி, பெயருக்கு முன்னிருந்த தலைப்பெழுத்து அழிந்திருந்தது. பெயர் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்தக் காலத்துச் செய்திகளால் நமக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 1956ஆம் ஆண்டைச் சொல்கிறேன். மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஆடவர் அணி ஹாக்கி ஆடியது. நம் நாடு ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியது அந்த ஒரே முறைதான். இந்தியா, ஆப்கானிஸ்தான், அமெரிக்கா ஆகியவை இருந்த பிரிவில் நம்மவர்கள் ஆப்கானிஸ்தானையும் அமெரிக்காவையும் வென்று இரண்டாம் இடத்தைப் பிடித்தார்கள். இந்தியாவிடம் 6-0 என்று தோற்றார்கள். ஆறு கோல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அதே இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14 கோல்களும் அமெரிக்காவுக்கு எதிராக 16 கோல்களும் அடித்திருந்தது. போட்டி முழுவதிலும் 38 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல் தங்கம் வென்ற அணி அது. அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், அந்த ஆறு கோல் நம் தடுப்பாட்டக்காரர்களின் பெருமை. முடிவில் சிங்கப்பூருக்கு எட்டாம் இடம் கிடைத்தது.

அந்த அணியில் வில்ஃபிரட் ஸ்கின்னர் இருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் காற்பந்துப் பந்துகாப்பாளராகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ரூடி மோஸ்பெர்கனும் இருந்தார்; அவரை ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் முதல்வராக நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். இருவரும் ஒலிம்பிக்கில் ஹாக்கித் தடி பிடித்தவர்கள் என்பதைச் சொன்னால் அப்படியா என்று கேட்கிறார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் டான் ஹாவ் லியாங் பளுதூக்குதலில் வென்ற வெள்ளியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள், அறிய வேண்டியதுதான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஒரு குழு விளையாட்டில் ஒலிம்பிக்கின் முதல் எட்டு அணிகளுள் ஒன்றாக இருந்தோம் என்பது எவர் பேச்சிலும் வருவதில்லை. 1993இல் இங்கேயே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் நம் பெண்கள் ஹாக்கி அணி தங்கம் வென்றதும் அப்படித்தான். அன்று எழுதினார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் தொடர்ந்து எழுத ஆளில்லாததால், அந்தத் தங்கம் ஒரு கதையின் நடுப்பகுதியாக ஆகாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஊடகத்தார் சொல்லும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவுக்கு நானே ஒரு சங்க ஆட்டத்தின் விவரத்தைக் கைப்பட எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கேட்டபோது, மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே, “படம் இருக்கிறதா? பதக்கம் உண்டா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆள் குறைவு, இடம் குறைவு, இங்கிலாந்துக் காற்பந்து நம் நேரப்படி நள்ளிரவுக்குப் பிறகு முடிகிறது, அதற்காகப் பக்கம் காத்திருக்க வேண்டும். அதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்க முடியாத காரணங்கள் வேறு.

பந்து சிறியது, வேகமாகப் போகிறது, தொலைக்காட்சியில் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்று. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். சுற்றளவு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். கிரிக்கெட் பந்தின் எடையும் சுற்றளவும் கிட்டத்தட்ட அதுவேதான். டென்னிஸ் பந்து இரண்டையும்விடச் சிறியது. அவை இரண்டும் தெரிகின்றன, இது மட்டும் தெரியவில்லை என்றால் குறை பந்தில் இல்லை. இத்தனைக்கும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் தரையையும் மஞ்சள் பந்தையும் கொண்டுவந்தார்கள்.

விதிகள் புரியாது என்பது இன்னொன்று. மழையால் தடைபட்ட கிரிக்கெட் ஆட்டத்துக்கான டக்வொர்த் லூயிஸ் கணக்கைக் காப்பிக்கடை மேசையில் விரல்விட்டு விளக்கும் நம்மவர்களுக்கு ஹாக்கி புரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. ஹாக்கியில் ஆஃப்சைடு விதியே 1990களில் எடுக்கப்பட்டுவிட்டது. புரிய வைக்க யாரும் முயலவில்லை என்பதே உண்மை. ஒரு பெனால்டி கார்னரை, அதாவது தடுக்கும் அணி தன் கோல் அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பை, பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். நடுவர் கை நீட்டியதும் தடுக்கும் அணியில் பந்துகாப்பாளருடன் சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டின் பின்னால் நிற்பார்கள். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். நிற்கும் நால்வரும் அவசரமாக முகக்கவசத்தை மாட்டுவார்கள்; பட்டை காதில் சிக்கிக்கொண்டால் தோழர் சரிசெய்துவிடுவார். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒருவர் பந்தை உள்ளே தள்ளிவிட, கோலுக்கு முன் வரைந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் தடியின் வளைவில் பந்தை இழுத்துச் சுண்டுவார். அடித்தால் கோலின் அடிப்பலகை உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இழுத்துச் சுண்டினால் மேல் மூலைக்கே அனுப்பலாம். எல்லாம் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். எதிரில் ஓடிவரும் தடுப்பாட்டக்காரர் அந்த இரண்டு நொடியில் தன் உடம்பைப் பந்துக்குக் கொடுக்கிறார். இதை எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினால் வாசகர் படிக்கமாட்டார் என்கிறீர்களா?

மூன்றாவது காரணம், பார்க்க ஆள் வருவதில்லை என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு ஹாக்கி புல்தரையை விட்டுப் படிப்படியாக வெளியேறியது. பாடாங்கில் ஆட்டம் நடந்தால் வேலை முடிந்து போகிறவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு பத்து நிமிடம் நின்று பார்ப்பார். இன்று டெல்டாவிலும் செங்காங்கிலும் வேலிக்குள் ஆடுகிறார்கள். வழிப்போக்கர் தற்செயலாகப் பார்ப்பது நின்றுவிட்டது. செய்தி பார்த்துத்தான் வர வேண்டும், செய்தியோ இல்லை.

தொலைக்காட்சி ஒரு விளையாட்டை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுகளின்போதுதான் அங்கே வண்ணத் தொலைக்காட்சி வந்தது. ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் இந்தியாவை 7-1 என்று வென்றது; நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் லார்ட்ஸில் இந்தியா கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அதையும் நாடு பார்த்தது. எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற விளையாட்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை எவரும் வீட்டில் உட்கார்ந்து பார்த்திராத விளையாட்டு, பார்க்கப்பட்ட முதல் பெரிய நாளில் அவமானப்பட்டது. அதை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரனின் பெயரை நம் தமிழ் வீடுகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக்கிலும் நான்கு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் ஆடினார். அவருக்காவது பெயர் தங்கியது.

2024இல் பாரிஸில் இந்தியா ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றது நமக்குத் தேசிய தினத்துக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணி ஆட்டம். நண்பர்கள் சிலர் அன்று என்னை அழைத்து வாழ்த்தினார்கள், நானே கோல் போட்டதுபோல. அதே ஆண்டு அக்டோபரில், செலவைக் குறைக்கும் ஏற்பாட்டில் 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளிலிருந்து ஹாக்கி நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தபோது மறுபடி அழைத்தார்கள். பதக்கம் வந்தால் செய்தி, துரத்தப்பட்டால் செய்தி. நடுவில் எல்லா வாரமும் ஆட்டம் நடக்கிறது.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ரசிகர்களாகிய நாம் குறைபடுவதில் காட்டும் சுறுசுறுப்பை எழுதுவதில் காட்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் படம் பிடித்து நண்பர் குழுவில் போட்டுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று நமக்கே தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்தாலோ வேறு வழக்கு தொடங்கிவிடும்: வளைகோற்பந்தா, ஹாக்கியா? நான் ஹாக்கி என்றே எழுதுகிறேன், பெனால்டி கார்னர் என்றே எழுதுகிறேன். திடலில் பையன்கள் தமிழில் கத்தும்போதும் அப்படித்தான் கத்துகிறார்கள். சொல்லைத் தேடிக்கொண்டே நாம் முப்பது ஆண்டுகள் எழுதாமல் இருந்துவிட்டோம்.

முழுப்பக்கக் கட்டுரை வேண்டாம், நட்சத்திர ஆட்டக்காரரின் பேட்டி வேண்டாம். நான் கேட்பது நான்கு வரி: எங்கே, எந்த இரு அணிகள், எத்தனை கோல், போட்டவர்கள் யார், அடுத்த ஆட்டம் எப்போது. அதை வாரந்தோறும் ஒரே நாளில், பதக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிட வேண்டும். நாளிதழில் இடம் கிடைக்கும் வரை நாமே அதை எழுதி ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பிழையில்லாமல், பெயரை முழுதாக, தேதியோடு எழுத வேண்டும். இடம் கேட்டு மறுபடி போகும்போது கையில் ஓராண்டுக் கணக்கு இருந்தால், படம் இருக்கிறதா என்று கேட்பவரிடம் நாம் பேசும் விதமே மாறும்.

பின்வரிசை மேசையில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த சில வாரங்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் செங்காங்குக்கு வர முடிந்தவர்கள் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஹாக்கி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டை எண்ணைப் படிக்கக் கண் தெரிந்தால் போதும், மற்றதை நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். பேனாவும் குடையும் கொண்டு வாருங்கள். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.