ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சுவர்

(வடசென்னை மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மையார் அவர்களே! வார்டில் எத்தனையோ வேலை கிடக்க, கூட்டம் தொடங்கும் முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே! இந்தப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து வளர்த்துக் கொடுத்த தலைமையாசிரியை அவர்களே! அரசு மருத்துவமனைப் பணி முடிந்த கையோடு வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டிய தம்பிகளே! வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த தாய்மார்களே, தந்தையரே! அனைவருக்கும் வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியோர். எட்டு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நான்கு சுவர் வேண்டும். ஆவணம், கணக்கு, உடம்பும் மனசும், படிக்க ஓர் இடம். நான்கையும் பேசத்தான் வந்தேன்.

முதலில் ஆவணம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியது நாம்தான். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். அங்கேயே நின்று பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாவற்றையும் மூன்று முறை படியுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இங்கே விட்ட பிழைதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகி வரும். பிறகு திருத்த நாய் படாத பாடு. மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். சான்றிதழ் கையில் இருந்தும் பெயர் அங்கேயே மாட்டிக்கொள்வது உண்டு. சான்றிதழ் வாங்கும்போதே, "எமிஸில் விடுவித்தாயிற்றா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்ற பிள்ளைக்கு நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். தனியாருக்குப் போனால் அது நின்றுவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்தத் தொடர்ச்சியைப் பார்ப்பார்கள். இரண்டு வருடப் பகட்டுக்காக இத்தனையையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. ஒன்பதில் மெய்யெண்கள் வரும், பல்லுறுப்புக் கோவைகள் வரும், முக்கோணவியல் வரும். பிள்ளை அங்கே விழுவதில்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் விட்ட இடத்தில்தான் விழுகிறது. இன்று இரவே ஒரு தாளில் இரண்டு கணக்கு எழுதிக் கொடுங்கள். முக்காலோடு ஆறில் ஐந்தைக் கூட்டச் சொல்லுங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி பத்தில் எட்டு என்று எழுதினால், பகுதியைச் சமமாக்கத் தெரியவில்லை என்று பொருள். பன்னிரண்டில் பத்தொன்பது என்பதே சரியான விடை. அடுத்து, குறை ஏழிலிருந்து குறை மூன்றைக் கழிக்கச் சொல்லுங்கள். குறை நான்கு வர வேண்டும்; குறை பத்து வந்தால் குறியெண் புரியவில்லை. இந்த இரண்டையும் கோடை விடுமுறையில் தினம் அரை மணி நேரம் போட்டால் போதும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை ஏப்ரலிலேயே வாங்கித் திணிக்க வேண்டாம். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

மூன்றாவது, உடம்பும் மனசும். அதைச் சொல்ல மருத்துவர் அம்மா இருக்கிறார்கள். நான் நான்காவதற்கு, படிக்க ஓர் இடம் என்பதற்குப் போகிறேன். என் மனம் அதிலேயே நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன கதையைக் கேளுங்கள். பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரே அறை. சமையல் அங்கே, படுக்கை அங்கே, விறகு அங்கே, குடும்பம் மொத்தமும் அங்கே. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற பையன் புத்தகத்தை விரிக்க இடம் ஏது? தந்தை ராம்ஜி என்ன செய்தார் தெரியுமா? பையனை முன்னிரவிலேயே தூங்கச் சொல்லிவிட்டு, தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். ஊர் தூங்கும்போது மகன் படிப்பான். (கைத்தட்டல்.)

இன்னும் கேளுங்கள். பள்ளி விட்டதும் பையன் நேரே வீட்டுக்குப் போக மாட்டான். சர்னி ரோடு தோட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து படிப்பான். அங்கே மாலையில் வந்து அமரும் ஆசிரியர் கிருஷ்ணாஜி கேலுஸ்கர் பார்க்கிறார். யார் இந்தப் பிள்ளை, தினமும் படிக்கிறானே என்று கூப்பிட்டு விசாரிக்கிறார். புத்தகம் கொடுக்கிறார். 1907இல் பையன் மெட்ரிக்குலேஷன் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறினான். பாராட்டுக் கூட்டத்தில் அதே கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னரிடம் எடுத்துச் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கும் வழி செய்தார். அந்தத் தோட்டம் இல்லையென்றால் கேலுஸ்கர் அந்தப் பிள்ளையை எங்கே பார்த்திருப்பார்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது இதுதான்!

இன்று நம் சென்னையில் வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் அந்த ஒற்றை அறை அப்படியே இருக்கிறது. கூடவே தொலைக்காட்சியும் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் உண்டு. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. கொளத்தூரில் 2024இல், படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் 'முதல்வர் படைப்பகம்' என்ற மையத்தைத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் பதினான்கு வயதுப் பெண் இருட்டிய பிறகு பஸ் ஏறி அங்கே போய்வர முடியுமா? அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டும்.

அந்த இடம் இங்கேயே இருக்கிறது. இந்தப் பள்ளியின் வகுப்பறைகள் மாலை ஐந்துக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் அறையை மட்டும் ஐந்தரை முதல் ஏழரை வரை திறந்து வையுங்கள். ஒரு நேரத்தில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நான்கு குழல்விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு குடம் குடிநீர். கழிப்பறைச் சாவி அறைக்குள்ளேயே தொங்க வேண்டும், யாரிடமும் போய்க் கேட்கிற நிலை வைக்கக் கூடாது. முறைவைத்து இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்தால் போதும். வருகைப் பதிவு ஒரு நோட்டு.

இப்படித் தொடங்குவது எதனால் கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். யாராவது பாடம் நடத்தத் தொடங்கினால் டியூஷனாகும், டியூஷனானால் காசு வரும், காசு வந்தால் ஏழைப் பிள்ளை நின்றுவிடும். அதனால் அங்கே பாடம் வேண்டாம், அமைதி மட்டும் போதும். சாவி ஒரே ஆளிடம் இருந்தால், அவர் ஊருக்குப் போன வாரமே அறை மூடிவிடும். சாவி இருவரிடம் இருக்கட்டும். கைபேசி வாசலில் ஒரு பெட்டியில். முடிந்ததும் தெருவாரியாகப் பிள்ளைகள் கூட்டமாகத்தான் கிளம்ப வேண்டும். இதை விட்டால் முதலில் நின்றுபோவது பெண்பிள்ளைகள்தான்.

மேலாண்மைக் குழு அடுத்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாமன்ற உறுப்பினர் அவர்கள் மன்றத்தில் எழுப்ப வேண்டும். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி வரும். அதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். மனு மேடைக்கு வலப்பக்கம் மேசையில் இருக்கிறது. போகும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு எழுதிக் கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் அங்கேயே உண்டு. நன்றி, வணக்கம்.