பழைய பாய்மரப் படகில் பில்ஜ் நாற்றம்: எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது

[காட்சி: பூட்டிக் கிடந்த படகின் மேல்மூடி திறக்கிறது. படியிறங்கி உள்ளே போகிறோம்.]

வணக்கம். பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். மூடியைத் திறந்ததும் டீசல், ஈரம், அழுகல், கழிப்பறை எல்லாம் கலந்த ஒரு வாடை மேலே வரும். "பழைய படகு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பலர் பழகிவிடுகிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாற்பது வயதுப் படகும் வாடை இல்லாமல் இருக்கலாம். நாற்றம் வருகிறது என்றால் எங்கேயோ தண்ணீர் தேங்குகிறது, அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்கிறது. அந்தத் தண்ணீரும் தீனியும் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். வாசனைத் திரவம் ஊற்றினால் அந்தத் தேடல் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

[காட்சி: தரைப்பலகை தூக்கப்படுகிறது. அடியில் கறுப்புத் தண்ணீர்.]

தரைப்பலகைக்குக் கீழே, படகின் மிகத் தாழ்ந்த பகுதிதான் பில்ஜ். படகுக்குள் எங்கே எது ஒழுகினாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். மழைத்தண்ணீர், எஞ்சின் எண்ணெய், குளியல் சோப்புநீர், ஐஸ்பெட்டியில் உருகிய தண்ணீர், எல்லாமே.

சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன்னால் பாதுகாப்பு பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நெடியைக் கலக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசிந்தால் நேராக பில்ஜில்தான் போய்ப் படியும். "பில்ஜ் நாறுகிறது" என்று நினைத்து, அங்கே தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் சுவிட்சைத் தட்டினால், ஒரு பொறி போதும். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் பெட்ரோல் ஆவிக்கும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், மூடிகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள். சிலிண்டர் வால்வு வெளியில் இருந்தால் அதை மூடுங்கள்.

இன்னொன்று பேட்டரி. அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பேட்டரியும் அழுகிய முட்டை நெடியை வெளியிடும். சார்ஜர் ஓடும்போது மட்டும் அந்த நெடி வந்தால், கரைக்கு வந்து, படகுக்கு வரும் கரை மின்சாரத்தை அங்கேயே துண்டியுங்கள். படகைத் திறந்துவிட்டு, பேட்டரி ஆறும்வரை பக்கத்தில் போகாதீர்கள்.

அந்த முட்டை நெடியின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அளவு ரொம்பக் கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும், ஆனால் விஷம் அப்படியே இருக்கும். பல மாதம் மூடிக் கிடந்த பில்ஜில் தலையை விடுவதற்கு முன்னால் நன்றாகக் காற்றோட விடுங்கள்.

[காட்சி: வெள்ளைத் துணி, வெந்நீர் வாளி, கையுறை.]

சரி, இப்போது துப்பறியும் வேலை. வாடையின் வகையைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முட்டை நெடி என்றால் முதலில் கடல்நீரைச் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன தேங்கிய நீரில், சில பாக்டீரியா இந்த சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. பில்ஜில் மட்டும் நடக்கும் வேலை இல்லை இது. கழிப்பறைக்குக் கடல்நீர் இழுக்கும் ஹோஸிலும் நடக்கும். அதற்குள் மாட்டிய நுண்ணுயிர்கள் செத்து அழுகும். பல நாள் கழித்து வந்து முதல்தடவை ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் நெடி வீசுகிறதா? குற்றவாளி அந்த ஹோஸ்தான். படகை விட்டுப் போகும் முன், கடல்நீர் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு, அதை பம்ப் செய்து விடுங்கள். கழிப்பறையைக் குடிநீர்க் குழாயோடு மட்டும் நேரடியாக இணைக்காதீர்கள், கழிவு குடிநீருக்குள் திரும்பிவிடலாம்.

கழிப்பறை வாடை, ஆனால் எங்கேயும் ஒழுகலே தெரியவில்லை. பழைய படகுகளில் அதிகம் பேரைக் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கழிவுத் தொட்டிக்குப் போகும் ஹோஸ் வருடக்கணக்கில் கழிவுநீரோடு இருக்கும்போது, வாடை அதன் சுவர் வழியாகவே ஊறி வெளியே வரத் தொடங்கும். தண்ணீர் சொட்டாது, ஈரமும் இருக்காது, வாடை மட்டும் வரும். பழைய படகுகளில் இருக்கும் மலிவான நெளிநெளி வெள்ளை ஹோஸ்களில் இது சீக்கிரமே நடக்கும். பள்ளமாகத் தொங்கும் இடத்தில், எப்போதும் கழிவு தேங்கி நிற்பதால், இன்னும் சீக்கிரம்.

கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஹோஸின் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றிக் கட்டுங்கள். துணி ஆறியதும் எடுத்து, படகுக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். உள்ளேயே முகர்ந்தால் மூக்கு ஏமாற்றும். துணியில் வாடை இருந்தால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. எந்தக் கரைசலும் அதைத் திருத்தாது, மாற்றத்தான் வேண்டும். கழிவுநீருக்கென்றே செய்யப்பட்ட, உட்புறம் வழவழப்பான ஹோஸ் வாங்குங்கள். விலை கூட என்று தயங்காதீர்கள். இந்த வேலையில் எங்கே காசு செலவழிக்கலாம் என்று கேட்டால் இங்கேதான் என்பேன்.

கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாயையும் பாருங்கள். அது உப்போ, குளவிக்கூடோ, அழுக்கோ அடைத்துப் போனால் தொட்டிக்குள் ஆக்சிஜன் போகாது, நாறும் வகைப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

டீசல் வாடைக்கு வெள்ளைக் காகிதம் போதும். ஒவ்வொரு எரிபொருள் இணைப்பிலும், ஃபில்டரிலும், இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் மெல்லிய குழாய்களிலும் ஒற்றிப் பாருங்கள். கறை பட்ட இடத்தில் கசிவு. எஞ்சினுக்குக் கீழே எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரை விட்டுவிடும் பட்டைகளைப் போட்டு வைக்கலாம், ஆனால் கசிவை அடைத்த பிறகு. புளித்த, கெட்டுப்போன பால் மாதிரி வாடை என்றால் ஐஸ்பெட்டியும் குளியல் வடிகாலும். ஐஸ்பெட்டி வடிகுழாய் நேராக பில்ஜுக்குள் விழுமாறுதான் பல பழைய படகுகளில் அமைத்திருக்கிறார்கள். அதை ஒரு தனிக் கேனுக்குத் திருப்பிவிடுங்கள்.

[காட்சி: கையுறை அணிந்த கை, சேறு அள்ளும் சின்னக் கரண்டி.]

அப்புறம் சுத்தம். தானியங்கி பம்பை முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அழுக்கு எண்ணெய்நீர் தன்பாட்டில் கடலுக்குப் போய்விடும். முடித்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள், தண்ணீரில் நிற்கும் படகுக்கு அது உயிர்க்காவல். சோப்புக் கரைசலை ஊற்றிவிட்டுப் பாய் விரித்து ஓட்டினால் அலையே கழுவிவிடும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். அதற்கு பம்பை அணைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சேற்றைக் கையால் அள்ளுவதுதான் முதல் வேலை. அடியில் படிந்த கறுப்புக் குழம்பு இருக்கும்வரை எந்தத் திரவமும் வேலை செய்யாது. எண்ணெய்நீரைக் கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சோப்பு கலந்து கடலில் விட்டால் மேலே படலம் தெரியாது, எண்ணெய் எங்கேயும் போகாது. பல நாடுகளில் அது குற்றமும்கூட. பிறகு வெந்நீரும் பிசுக்கு நீக்கியும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். ஒருதடவையில் முடியாது. வடியும் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மூலை முடுக்கில் எஞ்சும் கரிமக் கழிவுக்கு என்சைம் கிளீனர் நல்லது, ஆனால் அது ஈரமாக மணிக்கணக்கில் ஊற வேண்டும்.

பிளீச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினியத்தையும் ரப்பரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும். அம்மோனியாவோடோ சிறுநீரோடோ கலந்தால் குளோரமின் வரும், அமிலக் கழிப்பறைக் கிளீனரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறைக்குள் இரண்டுமே ஆபத்து. இங்கே சொன்னதெல்லாம் ஃபைபர்கிளாஸ் படகுக்கு. மரப்படகில் காரமான கிளீனர்கள் மரத்தையே தின்னும், பில்ஜை ஈரமே இல்லாமல் உலர்த்துவதும் பலகைகளைச் சுருங்க வைக்கும்.

[காட்சி: முன்புறம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப்படுகிறது.]

சுத்தம் செய்தும் வாடை திரும்புகிறதா? லிம்பர் துளைகளைப் பாருங்கள். பில்ஜின் குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் பம்ப் பக்கம் ஓடுவதற்காக விடப்பட்ட சிறு துளைகள் இவை. முடி, மரத்தூள், பழைய பெயிண்ட் அடைத்தால் ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு குட்டை உருவாகும். முன்புறம் ஒரு வாளி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பம்ப் வரை வருகிறது என்று பாருங்கள். பழைய மரப்படகுகளில் இந்தத் துளைகள் வழியே ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டுவைப்பார்கள். அவ்வப்போது முன்னும் பின்னும் இழுத்தால் அடைப்பு விடும். அருமையான யோசனை அது, ஃபைபர்கிளாஸ் படகிலும் ஒரு நைலான் கயிறு அந்த வேலையைச் செய்யும்.

இனி உலர்த்தல். பம்ப் நின்றதும் ஹோஸில் இருந்த தண்ணீர் திரும்ப பில்ஜுக்கே இறங்கும். அந்தக் கடைசித் தண்ணீரை ஸ்பாஞ்சால்தான் எடுக்க வேண்டும். முழுக்க உலர்ந்த பின், சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்துக்குக் கீழும் டிஷ்யூ காகிதம் விரித்து வையுங்கள். எது நனைகிறதோ அதன் மேலே ஒழுகல். நனைத்த நீர் கடல்நீரா என்று தெரிய, கறுப்புத் தட்டில் சில சொட்டு உலரவிடுங்கள், வெள்ளைப் படிவு தங்கினால் உப்பு. உப்புநீர் என்றால் ஸ்டஃபிங் பாக்ஸ் (ப்ரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு), கடல் வால்வுகள் என்று போங்கள். பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ் தண்டு சுழலும்போது சில சொட்டு விடுவது இயல்பு, நிற்கும்போதும் ஓடையாக வந்தால் இறுக்கவோ, உள்ளே திணித்திருக்கும் பேக்கிங் திரியை மாற்றவோ வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிநீர்த் தொட்டி, ஜன்னல்கள், பிறகு பாய்மரம். படகின் அடிமுதுகெலும்பான கீல் (keel) வரை இறங்கும் பாய்மரத்துக்குள் மழைநீர் நேராக உள்ளே வழியும்.

பெயிண்ட் கடைசியில். இரண்டு கலவை எபாக்சி பெயிண்ட், வெள்ளை அல்லது இளஞ்சாம்பல். எண்ணெய்ப்பசை போக்கி, உப்புத்தாள் தேய்த்து, நன்றாக உலர்ந்த பரப்பில் மட்டும் அடியுங்கள். அடுத்த கசிவு முதல் சொட்டிலேயே கண்ணில் படும், அதற்காகத்தான் இளநிறம்.

காற்றுக்கு ஒரு வழி உள்ளே, ஒரு வழி வெளியே வேண்டும். ஒரே துளையால் பயனில்லை. 1930-இல் கட்டப்பட்ட டோரேட் என்ற பந்தயப் படகின் பெயரால் அழைக்கப்படும் காற்றுப்பெட்டி, அலைநீரை வடித்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். படகைப் பூட்டிப் போகும்போது ஒரு தரைப்பலகையைத் தூக்கி வையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாடை இருந்தால், அது பெரும்பாலும் ஊறிய பொருளில் இருக்கிறது. மெத்தை ஃபோம், சுவர் ஒட்டிய நுரைத் துணி, பில்ஜைத் தொடும் பிளைவுட் சுவரின் அடி ஓரம். ஸ்க்ரூடிரைவர் முனையால் அமுக்கினால் பிளைவுட் மெத்தென்று உள்வாங்குகிறதா பாருங்கள். சில படகுகளில் உட்புற ஃபைபர்கிளாஸ் அச்சுக்கும் வெளி ஓட்டுக்கும் இடையில் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கும். அங்கே துளை போடுவதற்கு முன் படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் படகு சர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.