மாதவிலக்கும் உடம்புச் சூடும்

தங்கைகளே, அம்மாக்களே, வணக்கம்.

"பீரியட்ஸ் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே உடம்பு தகிக்கிறது டாக்டர். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்." என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி சொல்வது இது. நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்தச் சூடு உண்மை.

சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் அது வேலை செய்து, வெப்ப அளவைச் சற்றே உயர்த்திவிடுகிறது. செல்சியஸில் 0.3 முதல் 0.5 டிகிரிதான். ஆனால் வியர்க்கத் தொடங்குவதே தாமதமாகிறது. இரவில் வழக்கமாகத் தணியும் சூடு அந்த அளவுக்குத் தணிவதில்லை. தூக்கம் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாதவிலக்கு வரும் சமயத்தில் புரோஜெஸ்டிரோன் குறைய, சூடும் இறங்கிவிடும்.

இதை அளந்து பார்த்தவர்களில் ஒருவரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1873-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்ற ஹார்வர்டு மருத்துவர், பெண்கள் ஆண்களைப் போல விடாமல் படித்தால் அவர்கள் உடல்நலம் கெடும், மாதவிலக்குக் காலத்தில் ஓய்வு வேண்டும் என்று எழுதினார். மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் சும்மா இருக்கவில்லை. பெண்களிடம் கேள்விகள் அனுப்பி விவரம் திரட்டினார். நாடித்துடிப்பு, உடல் வெப்பம், தசை வலிமை எல்லாவற்றையும் மாதம் முழுக்க அளந்தார். நலமாக இருக்கும் பெண்ணுக்குக் கட்டாய ஓய்வு தேவையில்லை என்று காட்டினார். 1876-இல் அந்தக் கட்டுரைக்கு ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசே கிடைத்தது! பெண்ணின் உடம்பைப் பற்றி ஊகமாகப் பேசியவர்களுக்கு அவர் அளந்து பதில் சொன்னார். அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, நீங்களும் அளக்கலாம். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். கருமுட்டை வெளிவந்த பிறகுதான் சூடு ஏறும் என்பதால், கர்ப்பம் தவிர்க்க இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சூடு தகிக்கும் இரவுகளில் பருத்தி உடை, காற்றோட்டம், படுக்கும் முன் வெதுவெதுப்பான குளியல் போதும். சாயங்காலத்துக்குப் பிறகு காபியைத் தவிருங்கள்.

வயிற்று வலி வேறு கதை. கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் கருப்பையை இறுக்கி வலி தருகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் அதனால்தான். "வெந்நீர்ப் பை வைத்தால் உடம்பில் சூடு ஏறிவிடும்" என்று தடுக்கும் அம்மாக்களே, தயவுசெய்து தடுக்காதீர்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி செல்சியஸ் ஒத்தடம் ஐபுபுரூஃபன் மாத்திரைக்கு இணையாக வலி குறைத்தது. பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள். மாத்திரை வேண்டுமென்றால், வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அது மாதவிலக்குச் சூடு இல்லை, காய்ச்சல். அதோடு அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிடாய் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.