மழை பெய்து, பாறை உடைந்து: ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தல்

(மதுரையில் புவியியல் ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

விடைத்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு வரி: “வெயில் அடித்து, மழை பெய்து, பாறை உடைந்து மண்ணாகிறது.” படித்ததும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். இந்த வரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்கிறதா, ஒன்றால் இன்னொன்று நடந்ததைச் சொல்கிறதா? ‘சாப்பிட்டுத் தூங்கினான்’ என்றால் வரிசை. ‘வழுக்கி விழுந்தான்’ என்றால் காரணம். இரண்டிலும் இருப்பது அதே வினையெச்சம். கதை சொல்ல இது பெரிய வசதி. புவியியலில் அதே வசதி நம்மைக் குழியில் தள்ளிவிடும்.

நம் மதுரை ஆனைமலையையே எடுத்துக்கொள்வோம். ‘பாறை உரிதல்’ என்று பாடத்தில் படிக்கிறோமே, பாறை ஏடு ஏடாகக் கழல்வது. அதற்குப் பழக்கமான விளக்கம், ‘பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, உரிகிறது’. 1936இல் அமெரிக்காவில் கிரிக்ஸ் என்ற ஆய்வாளர் மெருகேற்றிய கிரானைட் துண்டு ஒன்றைச் சூடாக்கி, உலர்ந்த காற்றில் ஆறவிட்டு, இதையே 89,400 முறை செய்து பார்த்தார். 244 வருடப் பகலிரவுக்கு அது சமம். கல்லில் விரிசலே தென்படவில்லை. சூடான கல்லை நீர் தெளித்து ஆற்றியபோதோ, சில நாட்களிலேயே மெருகு போய் விரிசல் தெரிந்தது. அவர் எடுத்தது எல்லாப் பக்கமும் திறந்த சிறு கல். நாலு புறமும் நெருக்கப்பட்ட மலைப்பாறைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது என்ற ஆட்சேபம் பின்னால் எழுந்தது. நியாயமான ஆட்சேபம்தான்.

அப்படியானால் ஏடு எங்கிருந்து வந்தது? நம் மலைகளின் பாறை பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது. மேலே ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 டன் சுமை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சுமை அரிபட்டுப் போனதால், அழுத்தம் தளர்ந்த பாறை மேற்புறத்துக்கு இணையாகப் பிளந்தது. ஏற்கெனவே பிளந்த ஏட்டை வெயில் என்ன செய்யும்? அமெரிக்காவின் யோசமிட்டி மலைப்பகுதியில் ஒரு பாறை ஏட்டில் கருவி பொருத்தி அளந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த ஏடு பகலில் சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை வெளியே நகர்ந்து, இரவில் திரும்புகிறது.

இப்போது எழுதுங்கள்: ‘சுமை நீங்கியதால் பிளவு விழுந்தது. விழுந்த பிளவை வெயில் நெம்புகிறது. அதற்குள் இறங்கும் நீர் கனிமங்களை மாற்றுகிறது.’ மூன்று விசை, மூன்று வாக்கியம். வினையெச்சத்தில் கோத்தால் மூன்றும் ஒரே எடையாகிவிடும்.

சிதைவையும் அரிப்பையும் குழப்புவது இன்னொரு பிழை. இருந்த இடத்திலேயே உடைவது சிதைவு. உடைந்ததைத் தூக்கிக்கொண்டு போவது அரிப்பு. இங்கே ஒப்பீட்டு நடை வேண்டும். பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரியமில வாயு கலந்த மழைநீரால் களிமண்ணாக மாறும். குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம் மசியாமல் மணலாக நிற்கும். வைகைப் படுகையில் மணல், கண்மாயில் களிமண். ஏன்? 0.1 மில்லிமீட்டர் மணல் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஓடுகிற ஆறு அவ்வளவு நேரம் தருமா? கண்மாய்தான் தரும்.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு கண்ணாடி ஜாடி போதும். கட்டி உடைத்துச் சலித்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். சலவைச் சோடா ஒரு சிட்டிகை, பிறகு நீர். மேலே கொஞ்சம் காலியிடம் விடுங்கள். ஐந்து நிமிடம் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிந்த மணலுக்கு ஜாடியின் வெளியே கோடு போடுங்கள், இரண்டு மணி நேரத்தில் வண்டலுக்கு (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள்) இன்னொரு கோடு. களிமண் கோடு மூன்றாம் நாள்தான். உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றினால் காரியம் கெட்டது: களித்துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகச் சீக்கிரம் இறங்கிவிடும், வண்டல்தான் அதிகம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பிடித்து வைத்த மழைநீர் உத்தமம். செய்முறைக் குறிப்புக்கு வரிசை நடைதான் சரி. கோடு போடுவதைக் குலுக்குவதற்கு முன்னால் எழுதிவிட்டால் எந்தப் பிள்ளையும் திணறும்.

சிக்கல் – தீர்வு என்ற நடைக்கு மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் பக்கம் போகலாம். குகையின் நெற்றிப் பாறையில் வடிகிற மழைநீர் கல்லை ஒட்டியே உள்ளே வளைந்து, சமணத் துறவிகளின் கற்படுக்கையை நனைக்கும். அதனால் நெற்றியில் குறுக்காக ஒரு காடி, அதாவது நீண்ட பள்ளக்கோடு, வெட்டினார்கள். காடியின் கூர் விளிம்புக்கு வந்த நீர் பாறையின் பிடியை விட்டு வெளியே சொட்டும். இப்படிக் காடி வெட்டிய பல குகைகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து அந்தக் காடிக்குக் கீழேதான் இருக்கிறது. ஓடும் நீர் தொடாத இடம் பார்த்து உளி வைத்திருக்கிறார்கள்.